நிறுத்தங்களாக எஞ்சிய பெயர்கள்: சுதேசி மையிலிருந்து திறன்பேசி வரை

1

கொல்கத்தாவின் டாக்குரியா மேம்பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்துகள் நிற்கும் இடங்களுள் இரண்டின் பெயர்கள், அந்நகரின் தொழில் வரலாற்றை அறியாதவருக்கு விளங்குவதில்லை. ஜாதவ்பூர் காவல் நிலையச் சந்திப்பைத் தாண்டியதும் வருவது 'பெங்கால் லாம்ப்'. பல்கலைக்கழகத்தையும் 8பி பேருந்து நிலையத்தையும் தாண்டிச் சற்றுத் தொலைவில் வருவது 'சுலேகா'. முன்னது 1932-இல் தொடங்கப்பட்ட மின்விளக்கு நிறுவனத்தின் பெயர். பின்னது இரு தலைமுறை வங்காளிகளின் பேனாக்களை நிரப்பிய மையின் பெயர். விளக்குத் தொழிற்சாலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. மைத் தொழிற்சாலையும் ஏறத்தாழ அதே காலத்தில் நெடுநாள் உறக்கத்தில் ஆழ்ந்தது. இரண்டின் பெயர்களும் இன்றுவரை பயணச்சீட்டு வாங்குவோரின் வாயில் வாழ்கின்றன.

அதே காவல் நிலையச் சந்திப்பில் மேற்கே திரும்பினால் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை. அங்கே 2008-இல் திறக்கப்பட்ட சவுத் சிட்டி வணிக வளாகம் நிற்கிறது. உஷா தையல் இயந்திரத்தையும் மின்விசிறியையும் உலகறியச் செய்த ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை நின்ற நிலம் அது. ஒரு காலத்தில் பொருள் உருவான இடத்தில் இன்று பொருள் விற்கப்படுகிறது. டாக்குரியாவையும் ஜாதவ்பூரையும் சேர்ந்த இளைஞர்கள் ஐபோனா, ஆண்ட்ராய்டா என்று வாதிட்டபடி திறன்பேசிகளைக் கையில் எடுத்துப் பார்ப்பது இந்த நிலத்தின்மீது நின்றுதான்.

திறன்பேசி ஆர்வலரின் பிராண்ட் விசுவாசம் அண்மைக்காலத்து விந்தையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆல்பர்ட் முனிஸ், தாமஸ் ஓ'கின் ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை 'பிராண்ட் சமூகம்' என்னும் கருத்தாக்கத்தை நிலைநிறுத்தியது. மக்கின்டாஷ் கணினி, ஃபோர்டு பிராங்கோ, சாப் கார் ஆகியவற்றின் பயனர்களை ஆராய்ந்த அவர்கள் மூன்று அடையாளங்களைக் கண்டனர்: தாம் ஓரினம் என்னும் உணர்வு, பகிர்ந்துகொள்ளும் சடங்குகளும் மரபுகளும், ஒருவர்க்கொருவர் கடப்பாடு. தாம் யார் என்பதை எதிரி பிராண்டை மறுப்பதன் வாயிலாகவே வரையறுத்துக்கொள்ளும் 'எதிர்ப்பு விசுவாசம்' பற்றியும் அவர்கள் பேசினர்.

இவை மூன்றும், அந்த எதிர்ப்பு விசுவாசமும், வங்காளத்தில் நூறாண்டுக்கு முன்பே முழு வடிவில் இருந்தன. ஆனால் அன்றைய விசுவாசத்தில் நான்காவதாக ஒன்றும் இருந்தது. 'இதைச் செய்தவர் யார்?' என்னும் கேள்விதான் அது. அந்தக் கேள்வி எப்படித் தோன்றியது, எங்கே தொலைந்தது என்பதைப் பின்தொடர்ந்தால்தான் இன்றைய திறன்பேசிச் சண்டைகளின் வெறுமையும் வலிமையும் ஒருங்கே விளங்கும்.

2

கொல்கத்தாவில் பிராண்ட் என்பது அரசியலாவதற்கு முன்பே இலக்கியத்துக்குள் நுழைந்துவிட்டது. ஹேமேந்திர மோகன் போஸ் என்னும் தொழில்முனைவர் 'குந்தலீன்' என்ற கூந்தல் தைலத்தையும் 'தெல்கோஷ்' என்ற வாசனைத் திரவியத்தையும் விற்றுவந்தார். 1896-இல் அவர் ஒரு சிறுகதைப் போட்டியை அறிவித்தார். கதையில் இவ்விரு பொருள்களும் இடம்பெற வேண்டும். ஆனால் அது விளம்பரமாகத் தோன்றக் கூடாது என்பது நிபந்தனை. அவ்வாண்டு பரிசு பெற்ற கதையை எழுதியவர் அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸ். கொல்கத்தாவைத் தாக்கவிருந்த பெரும்புயல் காணாமற்போகிறது. கடற்பயணி ஒருவர் கொந்தளிக்கும் கடலில் கூந்தல் தைலத்தை ஊற்றியதே காரணம் என்று கதை விளக்குகிறது. வங்காள அறிவியல் புனைகதையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படும் படைப்பு இவ்வாறு ஒரு தைலப் புட்டியிலிருந்து பிறந்தது. சில ஆண்டுகள் கழித்து, பின்னாளில் புகழ்பெற்ற சரத் சந்திரரின் 'மந்திர்' கதையும் இதே பரிசைப் பெற்றது.

இது விளையாட்டாகவே இருந்தது. 1905 அதை மாற்றியது. வங்கப் பிரிவினைக்கு எதிராக அவ்வாண்டு ஆகஸ்டு 7 அன்று கொல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய கூட்டம் அந்நியப் பொருள் புறக்கணிப்பை அறிவித்தது. அக்டோபர் 16 அன்று பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது, கடையில் எந்தத் துணியை, எந்தச் சோப்பை, எந்த உப்பைக் கேட்பது என்பதே ஒருவரின் அரசியல் நிலையைக் காட்டும் செயலாகிவிட்டது. அன்றுவரை விலையும் தரமும் பேசிய வாங்குபவர் இப்போது 'இது எங்கே செய்தது?' என்று கேட்டார். ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் நிறுவிய பெங்கால் கெமிக்கல் போன்ற நிறுவனங்களின் பொருள்கள் மருந்தாகவும் பினாயிலாகவும் மட்டுமின்றித் தேசத்தின் சான்றாகவும் வாங்கப்பட்டன.

முனிஸும் ஓ'கினும் பின்னர் பட்டியலிட்ட கூறுகள் அனைத்தும் இங்கே இருந்தன. சடங்கு இருந்தது: அந்நியத் துணிக்குத் தீ வைத்தல். ஓரின உணர்வு இருந்தது: உறுதிமொழி ஏற்றவர், ஏற்காதவர் என்னும் பிரிவு. எதிரி பிராண்டும் இருந்தது: மான்செஸ்டர். ஆனால் விசுவாசத்தின் விலையை யார் கொடுத்தார் என்பதை மிக விரைவில் ஒருவர் கண்டுகொண்டார். ரவீந்திரநாத் தாகூரின் 'கரே பாய்ரே' நாவல் 1916-இல் நூலாக வந்தது. அதில் ஏழை வியாபாரி ஒருவனின் அந்நியத் துணிச் சரக்கு சுதேசியின் பெயரால் எரிக்கப்படுகிறது. எரித்தவருக்கு அது தேசபக்தி. எரிந்தவனுக்கு அது முதல். உள்நாட்டுத் துணி விலை கூடுதலாக இருந்தது. அதை வாங்க இயலாத ஏழைகள், குறிப்பாகக் கிழக்கு வங்கத்தின் முஸ்லிம் உழவர்கள், வாங்கச் சொல்லி வற்புறுத்தப்பட்டனர். இயக்கம் அவர்களிடமிருந்து விலகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைச் சுமித் சர்க்காரின் ஆய்வு விரிவாகக் காட்டியுள்ளது. பொருளை வைத்து மனிதரை அளக்கும் பழக்கம், வாங்க இயலாதவரைத் துரோகியாக்கிவிடும். இன்று மலிவான போன் வைத்திருப்பவரை ஏளனம் செய்யும் மாணவர் விடுதி உரையாடல்களில் அந்தப் பழக்கத்தின் மங்கிய நிழலைக் காணலாம்.

3

அதே அலை தெற்கே தூத்துக்குடியில் வேறொரு வடிவம் எடுத்தது. 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வழியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனம் செலுத்திவந்த தனியாதிக்கத்துக்கு இது நேரடிச் சவால். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அதன்பின் நடந்தது இன்றைய கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் கட்டணப் போரை ஒத்தது. பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது, சுதேசியும் குறைத்தது, இறுதியில் எதிரி நிறுவனம் இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. இலவசத்தை மறுத்துக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவரைத்தான் பிராண்ட் விசுவாசி என்று சொல்ல வேண்டும். அவருடைய விசுவாசத்துக்கு ஒரு விலை இருந்தது. அவர் அதைத் தன் கையிலிருந்தே செலுத்தினார்.

வ.உ.சி.யின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவரும் அவரே. கப்பல் யாருடையது என்று கேட்ட அதே மனிதர், ஆலையில் வேலை நேரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்றும் கேட்டார். முதற்கேள்வி நுகர்வோரின் விசுவாசத்தைச் சார்ந்தது. இரண்டாவது உழைப்போரின் உரிமையைச் சார்ந்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்த தருணம் இந்திய வரலாற்றில் அரிது. அவ்வாண்டே அவர் சிறைப்பட்டார். 1911-இல் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

4

இக்கேள்வி மீண்டும் தெளிவாக எழுந்தது ஒரு தையல் இயந்திரத்தின் பெயரால். அமெரிக்காவின் சிங்கர் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் தவணைமுறை விற்பனையால் வேரூன்றியிருந்தது. 'சிங்கர்' என்றாலே தையல் இயந்திரம் என்னுமளவுக்கு அப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது. 1924-இல் சாந்திநிகேதன் மாணவரான ஜி. ராமச்சந்திரன் காந்தியைச் சந்தித்து, எல்லா இயந்திரங்களையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று வினவினார். பின்னாளில் திண்டுக்கல் அருகே சௌந்தரத்தோடு இணைந்து காந்திகிராமத்தை உருவாக்கியவர் இவரே. சிங்கர் தையல் இயந்திரத்துக்குத் தாம் விலக்கு அளிப்பதாகக் காந்தி சொன்னார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட ஒருவரின் அன்பிலிருந்து பிறந்த கருவி அது என்பது அவர் கருத்து.

அந்நிய பிராண்ட் ஒன்றுக்குச் சுதேசியின் தலைவரே அளித்த நற்சான்று என்று இதைப் படித்துவிட்டுப் போகலாம். ராமச்சந்திரன் அங்கே நிறுத்தவில்லை. அப்படியானால் அந்த இயந்திரங்களைச் செய்ய ஓர் ஆலை வேண்டுமே, அங்கே விசையால் இயங்கும் பெரிய இயந்திரங்கள் வேண்டுமே என்று கேட்டார். காந்தி அதை ஒப்புக்கொண்டார். அத்தகைய ஆலைகள் பொதுவுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், இலாபத்துக்காக அன்றி மனிதகுல நன்மைக்காக நடைபெற வேண்டும், அங்கே வேலைச் சூழல் மிகச் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விடை. ஒரு பொருளை நேசிக்கலாம். ஆனால் நேசிப்பவர் அது பிறக்கும் ஆலையின் நிலைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அந்த உரையாடலின் சாரம்.

சிங்கருக்கு இந்தியப் போட்டி 1930களின் நடுவில் கொல்கத்தாவில் பிறந்தது. ஜே இன்ஜினியரிங்கின் 'உஷா' விரைவில் லாலா ஸ்ரீராம் குழுமத்தின் கைக்குச் சென்று, விடுதலைக்குப் பின் நாடெங்கும் பரவியது. மணப்பெண்ணுக்குச் சீதனமாகச் சிங்கர் தருவதா உஷா தருவதா என்ற பேச்சு, தமிழகத்துக் குடும்பங்களுக்கும் அந்நியமானதன்று.

இதே ஆண்டுகளில் இதே வட்டாரத்துக்கு மை வந்தது. காந்தி சுதேசி மை ஒன்றை விரும்பினார். பெங்கால் கெமிக்கலில் பணியாற்றிய காதி இயக்கத்தவரான சதீஷ் சந்திர தாஸ்குப்தா அதற்கான செய்முறையை உருவாக்கினார். அதன் தொடர்ச்சியாக மைத்ரா சகோதரர்கள் 1934-இல் ராஜஷாஹியில் சுலேகாவைத் தொடங்கினர். பின்னர் நிறுவனம் கொல்கத்தாவுக்குப் பெயர்ந்து ஜாதவ்பூரில் நிலைகொண்டது. ராஜஷாஹி 1947-இல் கிழக்கு பாகிஸ்தானுக்குப் போனது. அங்கிருந்து வந்த அகதிகள் டாக்குரியா, ஜாதவ்பூர் வட்டாரங்களில் குடியேற்றங்களை அமைத்தபோது, தங்கள் மண்ணில் பிறந்த மை தங்களுக்கு முன்பே அங்கு வந்து காத்திருப்பதைக் கண்டனர். மாணவரின் சட்டைப் பையில் பார்க்கர் குவிங்கா சுலேகாவா என்பது வெறும் மையின் கேள்வியன்று.

இந்த நடுக்காலத்தின் தனித்தன்மை அண்மை. விளக்கு, மை, தையல் இயந்திரம் மூன்றையும் செய்தவரும் வாங்கியவரும் ஒரே பேருந்தில் பயணம் செய்தனர். அண்மை எப்போதும் இனிமையைத் தந்துவிடவில்லை. மேலாளரைத் தொழிலாளர் சூழ்ந்துகொண்டு வெளியேற விடாத 'கெராவ்' போராட்டம் 1967-இல் வங்கத்தை உலுக்கியது. அப்போது ஐக்கிய முன்னணி அரசு வெளியிட்ட சுற்றறிக்கைகள் கெராவ் விவகாரங்களில் காவல்துறை தலையிடுவதைக் கட்டுப்படுத்தின. கொல்கத்தா உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என அவ்வாண்டே தீர்ப்பளித்தது. இன்றும் தொழிலாளர் சட்ட வகுப்புகளில் படிக்கப்படும் அவ்வழக்கின் பெயர் 'ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் மேற்கு வங்க அரசு'. உஷாவை வாங்கியவர் உஷாவைச் செய்தவரின் கோபத்தைச் செய்தித்தாளில் படித்தார். சில வேளைகளில் தெருவிலேயே கண்டார். அக்கோபத்தை அவர் ஆதரித்திருக்கலாம், வெறுத்திருக்கலாம்; அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை அறியாமல் இருந்திருக்க முடியாது.

5

கொல்கத்தாவின் போட்டி விசுவாசங்களைப் பற்றிப் பேசும்போது கால்பந்தைத் தவிர்க்க இயலாது. மோகன் பகானுக்கும் 1920-இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையிலான பகைமை, 1947-க்குப் பின் மண்ணின் மைந்தருக்கும் அகதிக்கும் இடையிலான பண்பாட்டு எல்லையாயிற்று. ஜாதவ்பூர் வட்டாரக் குடியேற்றங்கள் ஈஸ்ட் பெங்காலின் கோட்டைகள். ஒருவர் வெற்றி நாளில் சமைக்கும் மீன் இலிசையா இறாலா என்பதைக் கொண்டே அவர் கட்சியை அறியலாம் என்பது நகர வழக்கு.

1998-இல் இப்பகைமையின் அடித்தளத்தில் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. ஒரு கழகம் 'கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால்' ஆயிற்று. மற்றது 'மெக்டவல் மோகன் பகான்' ஆயிற்று. கிங்ஃபிஷர், மெக்டவல் இரண்டும் ஒரே யுனைடெட் புரூவரீஸ் குழுமத்தின் மதுபானப் பெயர்கள். மைதானத்தின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் ஏசிய இரு கூட்டங்களின் சட்டையிலும் எழுதியிருந்த பெயர்கள் ஒரே உரிமையாளருக்குச் சொந்தம். விசுவாசம் பொய்யாகிவிடவில்லை, அகதியின் நினைவும் உள்ளூராரின் பெருமிதமும் உண்மையே. ஆனால் பகைமை மேலே இருக்க, உடைமை கீழே ஒன்றாகிவிட்டது. திறன்பேசி யுகத்தின் இலக்கணத்தைக் கொல்கத்தா இங்கே முன்கூட்டியே படித்துவிட்டது எனலாம்.

6

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பும் இந்நகரிலிருந்துதான் சென்றது. 1995 ஜூலை 31 அன்று முதலமைச்சர் ஜோதி பாசு ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து, டெல்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய அமைச்சர் சுக் ராமுடன் பேசினார். சேவை மோடி டெல்ஸ்ட்ராவுடையது. கையிலிருந்த கருவி நோக்கியா. அந்நாளில் வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. கைப்பேசி செல்வரின் அணிகலன்.

எட்டாண்டுகளில் நிலை மாறியது. 2003-இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டு வந்த நோக்கியா 1100, தூசி புகாத விசைப்பலகையும் கைவிளக்கும் கொண்டு மின்வெட்டு நாட்டுக்கென்றே செய்தது போலிருந்தது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. சிங்கரைப் போலவே நோக்கியாவும் ஒரு பொதுப்பெயராகும் நிலையை எட்டியது. 2006-இல் சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் அந்நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாகப் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பகுதியினர் சிற்றூர்களிலிருந்து முதன்முறையாகச் சம்பள வேலைக்கு வந்த இளம்பெண்கள். கொல்கத்தாவில் கையிலெடுத்த கருவியைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒருத்தி பொருத்தியிருக்கக்கூடும். இருவரும் ஒருவரையொருவர் அறிய வழியில்லை. ஒரே பேருந்தில் அவர்கள் செல்லவில்லை.

2007-இல் ஐபோன் அறிவிக்கப்பட்டது. 2008 ஆகஸ்டில் அது இந்தியாவுக்கு வந்தது. சவுத் சிட்டி வளாகம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டே. முதல் ஆண்ட்ராய்டு போன் வெளிவந்ததும் அவ்வாண்டே. ஆறாண்டுகளுக்குள் நோக்கியாவின் உலகம் சரிந்தது. 2014 ஏப்ரலில் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரித் தகராறில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று அதன் உற்பத்தி நின்றது. நோக்கியா விசுவாசிகள் அதற்கு முன்பே சாம்சங்குக்கும் மைக்ரோமேக்ஸுக்கும் மாறிவிட்டிருந்தனர். வாங்கியவரின் விசுவாசம் ஒரு கடைப் படியில் மாறிவிடும். செய்தவரின் வாழ்க்கை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பெயருக்கோ மறுபிறவி கிடைத்தது: எச்எம்டி குளோபல் என்னும் வேறொரு நிறுவனம் 2017-இல் நோக்கியா பெயரில் போன்களை விற்கத் தொடங்கியது. பழைய ஆர்வலர் மகிழ்ந்தனர். திரும்பி வந்தது பெயர் மட்டுமே. ஆலையும் அதில் இருந்தவரும் திரும்பவில்லை.

7

அடுத்த பத்தாண்டின் போட்டிகளில் பகைமையும் உடைமையும் பிரிந்த கோலத்தை மேலும் தெளிவாகக் காணலாம். 2011 ஏப்ரலில் ஆப்பிள் சாம்சங்மீது வடிவத் திருட்டு வழக்குத் தொடுத்தது. 2012 ஆகஸ்டில் கலிஃபோர்னியா நடுவர் குழு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. இரு தரப்பு ஆர்வலரும் அதைத் தம் குலப்போராகக் கருதினர். அந்நாள்களில் ஐபோனின் மையச் செயலியைத் தயாரித்துக் கொடுத்தது சாம்சங். 2017-இல் வந்த ஐபோன் எக்ஸின் புகழ்பெற்ற திரையையும் சாம்சங்கே செய்தது. இந்தியச் சந்தையில் ஓப்போ, விவோ, ஒன்பிளஸ், ரியல்மி ஆகியவற்றின் ஆதரவாளர் ஒருவரையொருவர் இகழ்கின்றனர். நான்கும் சீனாவின் பிபிகே எலக்ட்ரானிக்ஸ் என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

சுதேசிச் சடங்கும் மறுவடிவில் வந்தது. 2014-இல் ஒன்பிளஸ் தன் முதல் போனை அறிமுகப்படுத்தியபோது, தேர்ந்தெடுக்கப்படும் 100 பேர் தம் பழைய போனை உடைத்துக் காணொளி எடுத்தனுப்பினால் புதிய போனை 1 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. தேர்வு முடியும் முன்பே சிலர் போன்களை உடைத்துவிட்டனர். கண்டனம் எழுந்தபின், உடைப்பதற்குப் பதிலாகப் பழைய போனை நன்கொடையாகத் தரலாம் என்று நிறுவனம் மாற்றிக்கொண்டது. 1905-இல் துணியை எரித்தவர் ஒரு பேரரசை எதிர்த்தார். 2014-இல் போனை உடைத்தவர் எதிர்த்தது தன் நேற்றைய விருப்பத்தை மட்டுமே.

2020 ஜூனில் கல்வான் மோதலுக்குப் பின் நாடெங்கும் சீனப் பொருள் புறக்கணிப்பு முழக்கம் எழுந்தது. டாக்குரியாவுக்கு மேற்கே, அதே நகரின் பெஹாலாவில், உணவு விநியோக ஊழியர் சிலர் சீன முதலீடு பெற்ற தம் நிறுவனத்தின் சட்டைகளைத் தீயிலிட்டனர். கொல்கத்தாத் தெருவில் மீண்டும் துணி எரிந்தது. இம்முறை எரித்தவரே ஏழைத் தொழிலாளர், எரிந்தது அவர் பிழைப்பின் சீருடை. அம்மாதமே ஷாவ்மி தன் கடைப் பெயர்ப்பலகைகளை 'மேட் இன் இந்தியா' பதாகைகளால் மூடியது. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் இந்தியாவில் அதிகம் விற்ற திறன்பேசி அப்போதும் ஷாவ்மியே. தற்சார்பு முழக்கத்தோடு 'இன்' என்ற பெயரில் அவ்வாண்டு திரும்பி வந்த மைக்ரோமேக்ஸால் இழந்த இடத்தை மீட்க இயலவில்லை. பதாகை பொய் சொல்லவில்லை. அப்போன்கள் இந்தியாவில்தான் பொருத்தப்பட்டன. 1905-இல் 'எங்கே செய்தது?' என்னும் கேள்விக்குள் 'யாருடையது?', 'யார் செய்தது?', 'எந்த நிலையில் செய்தது?' ஆகிய மூன்றும் அடங்கியிருந்தன. 2020-இல் அவை மூன்றும் தனித்தனியே பிரிந்து, முதற்கேள்விக்கு மட்டும் ஒரு பதாகை விடையாயிற்று.

மற்ற கேள்விகள் தம்மை நினைவூட்டாமல் இல்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர், பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சானதால் நோயுற்றனர். சக தொழிலாளர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. ஆப்பிள் அந்த ஆலையைத் தன் கண்காணிப்புக்கு உட்படுத்தியது. ஐபோனின் கேமராவுக்கும் மின்கலத்துக்கும் பல நூறு மணி நேர விமர்சனம் கேட்ட ஆர்வலருள் அந்தச் செய்தியைத் தம் பிராண்டின் செய்தியாகப் படித்தவர் எத்தனை பேர்? மூடிக்கிடந்த நோக்கியா ஆலையிலும் இன்று வேலை நடக்கிறது: ஆப்பிளுக்கு மின்னேற்றி வழங்கும் சால்காம்ப் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. ஒரு பிராண்டின் கல்லறை மற்றொன்றின் பட்டறையானது. இரண்டு பெயர்களுக்காகவும் சண்டையிட்டவர் பலருக்கு இந்த இடமாற்றம் தெரியாது.

8

பிராண்ட் விசுவாசத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, அது தவறும்கூட. மனிதர் பொருள்களின் வழியே தம்மை ஒரு கூட்டத்தோடு இணைத்துக்கொள்வது குந்தலீன் காலந்தொட்டு நிகழ்வதே. சுதேசி காலத்து விசுவாசமும் அப்பழுக்கற்றதன்று. அது ஏழையின் சரக்கை எரித்தது. ஆயினும் அதற்கு ஒரு முகவரி இருந்தது. தாகூர் அதனோடு வாதிட முடிந்தது, வ.உ.சி. அதை ஆலை வாயிலுக்கு அழைத்துச் செல்ல முடிந்தது, ராமச்சந்திரன் அதைக் குறுக்குவிசாரணை செய்ய முடிந்தது. காரணம், பொருளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அவர்கள் அனைவரும் ஒப்புக்கொண்டிருந்தனர். இன்றைய விசுவாசத்தின் குறை அதன் மிகையில் இல்லை. ஒரு கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்து, அதைப் பொருத்திய கையை மட்டும் அறியாதிருப்பதே அதன் குறை.

சுலேகா 2000களின் நடுவில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2020-இல் ஊற்றுப் பேனா ஆர்வலருக்காகச் 'சுதேசி', 'ஸ்வாதீன்' முதலான பெயர்களில் புதிய மைகளை வெளியிட்டது. அவற்றை வாங்குவோருள் பெரும்பாலோர் திறன்பேசியில்தான் எழுதுகின்றனர். மை அவர்களுக்கு நினைவின் பொருள். அதையும் குறை சொல்வதற்கில்லை. நினைவு ஒரு தொடக்கமாக இருக்கலாம்.

டாக்குரியாவிலிருந்து தெற்கே செல்லும் பேருந்து இன்றும் பெங்கால் லாம்ப்பிலும் சுலேகாவிலும் நிற்கிறது. அங்கே ஒரு காலத்தில் வேலை முடிந்து ஏறியவர்களும், அவர்கள் செய்த விளக்கின் கீழ் அந்த மையால் எழுதிய மாணவரும் அருகருகே நின்று பயணம் செய்தனர். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் இரவுப்பணிப் பேருந்துகளுக்கு அத்தகைய நிறுத்தம் எதுவும் இல்லை. நோக்கியா என்றோ ஐபோன் என்றோ எந்த ஊரும் ஒரு நிறுத்தத்தை அழைக்கும் நாள் வருமா என்பதைக் காட்டிலும், அந்தப் பேருந்தில் செல்பவர் யார் என்று தன் கையிலுள்ள கருவியை நேசிக்கும் ஒருவர் கேட்கும் நாள் வருமா என்பதே வரலாறு எதிர்நோக்கும் வினா.